பழைய இலக்குப் பிஸ்டல்: எதை நம்பி வாங்குவது, எப்படிக் காப்பாற்றுவது

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவுதான். அறுபது முறை சுட்டு அறுபதையும் அதற்குள் சேர்ப்பது உலகச் சாம்பியன்களுக்கே இன்னும் கைகூடவில்லை. இந்த வேலைக்கென்றே நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பிஸ்டல்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலானவை, புதிய போட்டிப் பிஸ்டலின் விலையோடு பார்த்தால் மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. அவற்றை வாங்கலாமா? வாங்கினால் சுடலாமா, அலமாரியில் வைத்து அழகு பார்க்க மட்டும்தானா? வீட்டில் எப்படிப் பேணுவது?

வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது மெருகு, மரப்பிடி, பெட்டி, பெயர். பழைய பிஸ்டலின் ஆயுளைத் தீர்மானிப்பவையோ கண்ணில் படாத மூன்று: உள்ளே இருக்கும் சீல், ஸ்பிரிங், உதிரிபாகம் கிடைக்கும் வழி. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தபிறகே மற்றவற்றைப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எந்தத் தலைமுறையைப் பற்றிப் பேசுகிறோம்

இந்தப் பிஸ்டல்களின் கதை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் தொடங்குகிறது. நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ன்டார்ஃப் ஊரில் புகழ்பெற்ற மவுசர் ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. போர் முடிந்ததும் பிரெஞ்சுப் படை அதைப் பிரித்தெடுத்துவிட்டது. வேலையிழந்த மவுசர் பொறியாளர்கள் இருவர், கார்ல் வெஸ்டிங்கரும் எர்ன்ஸ்ட் ஆல்டன்பர்கரும், சேர்ந்து ஒரு நுண்கருவிப் பட்டறையைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் ஃபைன்வெர்க்பாவ். தோட்டாத் துப்பாக்கி செய்யத் தடை இருந்த காலத்தில், தேர்ந்த துப்பாக்கிக் கைவினைஞர்களின் திறமையெல்லாம் காற்றுத் துப்பாக்கியின் பக்கம் திரும்பியது. பழைய ஜெர்மன் ஏர் பிஸ்டல்களில் தெரியும் நேர்த்திக்கு இதுவும் ஒரு காரணம்.

அவர்கள் முன்னால் இருந்த சிக்கல் ஒன்றுதான். ஸ்பிரிங் பிஸ்டலில் ட்ரிக்கரை அழுத்தியதும் கனமான பிஸ்டன் முன்னே பாய்கிறது, பிஸ்டல் பின்னே உதைக்கிறது. பிஸ்டன் உருளையின் முனையில் போய் நின்றதும் பிஸ்டல் முன்னே இழுக்கிறது. இந்த இரட்டை உதறல், பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே நடந்துவிடுகிறது. சுடுபவரின் கை எவ்வளவு நிலையாக இருந்தாலும் குறி கலைந்துவிடும்.

இதற்கு மூன்று தீர்வுகள் வந்தன. ராஸ்டாட் நகரின் டயானா நிறுவனம், 1960 வாக்கில் வந்த தன் 6ஆம் மாடலில் கிஸ் முறையைக் கையாண்டது. எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு பிஸ்டன்களைப் பல்சக்கரத்தால் இணைத்து, ஒன்றின் உதறலை மற்றொன்று ஈடுகட்டும்படி செய்த முறை அது. ஃபைன்வெர்க்பாவ் 1965இல் தன் 65ஆம் மாடலில் வேறு வழியில் போனது. பேரலும் உருளையும் அடங்கிய மேற்பகுதி முழுவதையும் தண்டவாளம் போன்ற தடத்தின் மேல் வைத்து, சுடும் கணத்தில் அது சில மில்லிமீட்டர் பின்னே வழுக்கும்படி விட்டது. உதறல் அந்தச் சறுக்கலில் கரைந்துவிடும், பிடித்திருக்கும் கைக்குப் போய்ச் சேராது. வால்தர் நிறுவனம் 1960களின் இறுதியில் எல்பி2, எல்பி3 மாடல்களில் ஸ்பிரிங்கையே விட்டுவிட்டது. லீவரை ஒருமுறை இழுத்து மூடினால் காற்று அழுந்தி உள்ளே தங்கும். ட்ரிக்கர் அதைத் திறந்துவிடும், அவ்வளவுதான். இதுவே ஒற்றை அழுத்த முறை.

பிறகு கரியமில வாயு சிலிண்டர், அதன்பின் உயர்அழுத்தக் காற்று சிலிண்டர் என்று தொழில்நுட்பம் நகர்ந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஏர் பிஸ்டல் முதன்முறையாக இடம்பெற்றது. அதற்கடுத்த ஆண்டுகளில் உச்சப் போட்டிகளிலிருந்து ஸ்பிரிங் பிஸ்டல்கள் ஒதுங்கின. அப்படியும் 65 மாடல் முப்பது ஆண்டுகளுக்குமேல் தயாரிப்பில் இருந்தது என்பது அதன் தரத்துக்குச் சான்று.

இயக்கமுறைதான் முதல் அளவுகோல்

பழைய பிஸ்டல் வாங்குகிறவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: சுடும் சக்தி இதற்கு எங்கிருந்து வருகிறது?

ஸ்பிரிங்கிலும் ஒற்றை அழுத்தத்திலும் சக்தி பிஸ்டலுக்குள்ளேயே பிறக்கிறது. வெளியிலிருந்து எதுவும் வேண்டாம். சிலிண்டர் பிஸ்டலோ அந்தச் சிலிண்டரை நம்பி இருக்கிறது. காற்றுச் சிலிண்டர் சுமார் 200 பார் அழுத்தம் தாங்கும் பாத்திரம். அதற்குக் காலாவதி உண்டு. சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி அதிகபட்சம் பத்தாண்டு. 1990களில் செய்த பிஸ்டல் பளபளவென்று இருந்தாலும் அதன் சிலிண்டர் எப்போதோ காலாவதியாகியிருக்கும். அதே மரைக்குப் பொருந்தும் புதிய சிலிண்டர் இன்றும் விற்பனையில் இருக்கிறதா, என்ன விலை என்று தெரிந்துகொள்ளாமல் அதற்குப் பணம் கொடுக்கக் கூடாது. காலம் கடந்த சிலிண்டரில் காற்று நிரப்பிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

மின்னணு ட்ரிக்கர் உள்ளவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஃபைன்வெர்க்பாவின் 90ஆம் மாடல் அந்தக் காலத்தில் பெரிய முன்னேற்றம். மின்சுற்று பழுதானால் அதைச் சீர்படுத்த ஆள் கிடைப்பது இன்று அரிது. அதே குடும்பத்தின் 65, 80 மாடல்களில் ட்ரிக்கர் முழுக்க எந்திர வேலைப்பாடு. தேர்ந்த கைக்கு அவை வசப்படும்.

தோட்டா சுடும் இலக்குப் பிஸ்டல்களில் இன்னொரு கேள்வியும் சேர்கிறது: இது எந்தப் போட்டிக்காகச் செய்யப்பட்டது, அந்தப் போட்டி இன்று இருக்கிறதா? 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் பிரிவில் முன்பு .22 ஷார்ட் தோட்டா வழக்கத்தில் இருந்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் பின் வந்த விதிமாற்றத்தால் அந்தப் பிஸ்டல்கள் ஒரே வீச்சில் வழக்கொழிந்தன. 50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டல் போட்டி 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. சோவியத் துலா ஆலையின் டோஸ்-35 போன்ற அருமையான ஒற்றைத் தோட்டாப் பிஸ்டல்கள் அந்தப் போட்டியை நம்பியே வாழ்ந்தவை. விலை மலிந்திருப்பதற்குக் காரணம் பிஸ்டலின் குறையாக இருக்க வேண்டியதில்லை. அதற்குரிய களமே சுருங்கியிருக்கலாம். மாறாக, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 41 போன்றவை 1957 முதல் தொடர்ந்து வருவதால் உதிரிபாகக் கவலை குறைவு.

சாதாரணப் பயிற்சியாளருக்கு நான் பரிந்துரைப்பது ஸ்பிரிங் அல்லது ஒற்றை அழுத்த ஏர் பிஸ்டல்தான். ஃபைன்வெர்க்பாவ் 65, 80, வால்தர் எல்பி3, ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரில் தயாரான ஐஇசட்எச்-46 ஆகியவை அந்தப் பட்டியலில் முன்னே நிற்கும்.

பெட்டி பிரிக்காத பழசு

பழைய பொருள் சந்தையில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். “வாங்கியதிலிருந்து சுடவே இல்லை” என்பது பெரிய தகுதியாகச் சொல்லப்படும். அந்தக் காலத்துச் செயற்கை சீல்களுக்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது. 1960, 70களில் பல ஜெர்மன் நிறுவனங்கள் பயன்படுத்திய பிளாஸ்டிக் கலவைகள் காலத்தாலேயே சிதைபவை. ஈரக்காற்று படப்படச் சிதைவு விரையும். சுட்டாலும் சுடாவிட்டாலும், இருபது முப்பது ஆண்டுகளில் அவை பழுப்பு மெழுகாகி விண்டு உதிரும். டயானாவின் கிஸ் வகைப் பிஸ்டல்கள் இதற்குப் பேர்போனவை. பேரலை மடக்கிப் பார்த்தால் வாய்ப்பகுதியில் பழுப்புத் துகள் கிடக்கும். உருளைக்குள் சீல் உதிர்கிறது என்று அதற்குப் பொருள்.

ஃபைன்வெர்க்பாவ் 65 பிஸ்டனில் எஃகு வளையம் இருப்பதால் அது நீடித்து உழைக்கும். ஆனால் பிஸ்டன் முனையில் அதிர்ச்சியைத் தாங்கும் செயற்கைத் திண்டு காலத்தில் பொடிந்துபோகும். அது இல்லாமல் சுட்டால் இரும்பு இரும்போடு மோதும். ஆகவே எந்தப் பழைய ஸ்பிரிங் பிஸ்டலுக்கும் ஒரு முழு சர்வீஸ் செலவை விலையோடு கூட்டியே கணக்குப் போட வேண்டும். கடைசியாக எப்போது பிரித்து சீல் மாற்றப்பட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள். மாற்றியதற்கு ரசீது காட்டுகிறவரின் தேய்ந்த பிஸ்டல், பெட்டி பிரிக்காத பழசைவிட நல்ல வாங்கல்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

ஃபைன்வெர்க்பாவ் 65 ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு பார்ப்போம். சுமார் 1.2 கிலோ எடை. இடப்புறம் நீளமான லீவர். அதைப் பின்னே இழுக்கும்போது தடை சீராகக் கூடிக்கொண்டே வர வேண்டும். கரகரவென்றால் ஸ்பிரிங் உடைந்தோ வளைந்தோ இருக்கலாம். பெல்லட்டை வைத்து லீவரை மூடிச் சுட்டதும், மேற்பகுதி தடத்தில் பின்னே சறுக்கியிருப்பது கண்ணுக்குத் தெரியும். சறுக்காமல் நின்றால் பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கிறது. அது துடைத்தால் தீரும். சறுக்கும் பகுதி பக்கவாட்டில் ஆடினால் தடம் தேய்ந்திருக்கிறது, அது எளிதில் தீராது. கழகங்களில் பலர் கைபட்ட பிஸ்டல்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாளைக்கு நூறு வீதம் ஆண்டில் இருநூறு நாள் சுட்டாலே இருபதாயிரம் ஆகிவிடும்.

சறுக்கலைப் பூட்டிவைக்கும் வசதியும் 65இல் உண்டு. தோட்டாப் பிஸ்டலுக்குப் பயிற்சி எடுப்பவர் உதறலை உணர வேண்டும் என்பதற்காக வைத்தது. எனவே சறுக்கவில்லை என்றதும் பழுது என்று முடிவு கட்டாமல், அது பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ட்ரிக்கருக்கும் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று போட்டிக்கான 500 கிராம், மற்றது 1360 கிராம். போட்டி விதிப்படி குறைந்தபட்சம் 500 கிராம் எடையை ட்ரிக்கர் தாங்கியாக வேண்டும். அரைக் கிலோ எடைக்கல் ஒன்றைக் கொக்கியில் மாட்டி, பேரல் மேல்நோக்கி இருக்க, ட்ரிக்கரில் தொங்கவிட்டுத் தூக்கினாலே இது தெரிந்துவிடும். எடை தாங்காத ட்ரிக்கரை யாரோ அளவுக்கு மீறி அராவியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிஸ்டல் தட்டினாலே வெடிக்கலாம், அதை வாங்க வேண்டாம்.

காற்றுக் கசிவைப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பேரலும் உருளையும் சேரும் இடத்தில் மெல்லிய டிஷ்யூத் தாளின் துண்டை வைத்துச் சுட வேண்டும். தாள் படபடத்தால் அந்த இடத்து சீல் போய்விட்டது. ஒற்றை அழுத்தப் பிஸ்டலில், லீவரை மூடியதும் ஒரு பெல்லட்டைச் சுட்டு வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பெல்லட்டை, மூடிச் சில நிமிடம் காத்திருந்து சுடுங்கள். வேகம் கணிசமாக விழுந்தால் வால்வு கசிகிறது.

வேகத்தை அளக்க குரோனோகிராஃப் கிடைத்தால் பத்து முறை சுட்டுப் பாருங்கள். 65 மாடலில் வேகம் நொடிக்கு 140 மீட்டரை ஒட்டி இருக்கும். ஐந்து பத்து மீட்டர் கூடக் குறைவதால் காகித இலக்குக்கு ஒன்றும் கெட்டுவிடாது. ஒன்றுக்கொன்று வேகம் மாறிக்கொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கடைசியாக, பிஸ்டலைத் தாங்கியில் வைத்துப் பத்து மீட்டரில் சுட்டுப் பாருங்கள். துளைகள் பத்து வளையத்துக்குள் அடங்கினால் பேரல் நலம். பேரல் தேய்ந்திருக்குமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஈயப் பெல்லட் மென்மையானது, வேகமும் குறைவு. இந்தப் பேரல்களைக் கெடுப்பது துருவும், முரட்டுக் கம்பிவிட்டுச் சுத்தம் செய்த கையும்தான்.

பிடியை மறந்துவிடக் கூடாது. இலக்குப் பிஸ்டலின் மரப்பிடி ஒருவர் கைக்கென்று செதுக்கப்படுவது. முன்பு வைத்திருந்தவர் தன் கட்டைவிரலுக்காகக் குடைந்திருப்பார், உள்ளங்கைக்காக மரப்பசை அப்பியிருப்பார். உங்கள் கையில் உட்காராத பிடியோடு எந்தப் பிஸ்டலும் நேராகச் சுடாது. பழைய பிடியைச் சீவ வேண்டாம். அதைப் பத்திரமாக வைத்துவிட்டு வேறொரு பிடியை உங்கள் கைக்குச் செதுக்கிக்கொள்ளுங்கள். பிஸ்டல் மறுபடி கைமாறும்போது அசல் பிடிக்குத் தனி மதிப்பு உண்டு.

வயதை மதிப்பிடவும் அடையாளங்கள் உண்டு. ஐங்கோணத்துக்குள் ‘எஃப்’ எழுத்து பொறித்திருந்தால் அது ஜெர்மனியின் 1970க்குப் பிந்தைய விதிப்படி முத்திரையிடப்பட்டது, சக்தி 7.5 ஜூலுக்கு உட்பட்டது. பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. போருக்குப் பின் பிரிட்டனில் டயானா என்ற பெயரின் உரிமை ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ நிறுவனத்துக்குப் போனது. அதனால் ராஸ்டாட்டில் செய்த அசல் பிஸ்டல்கள் அங்கே ‘ஒரிஜினல்’ என்ற பெயரில் விற்கப்பட்டன. பிரிட்டனிலிருந்து வரும் ‘ஒரிஜினல் 6’ ஜெர்மன் டயானா 6தான்.

விலை எதைக் காட்டுகிறது

வால்தர் எல்பி53 என்ற பழைய ஏர் பிஸ்டல் ஒன்று 2010இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,77,250 பவுண்டுக்குப் போனது. ஜேம்ஸ் பாண்ட் படத்தின் விளம்பரப் புகைப்படங்களில் ஷான் கானரி ஏந்தி நின்ற பிஸ்டல் அது. புகைப்படக்காரர் டேவிட் ஹர்ன் தன் சொந்த இலக்குப் பிஸ்டலைக் கொடுத்துப் படமெடுத்தார். அந்தத் தொகை முழுவதும் கதைக்குக் கொடுத்தது. அதே மாடலின் மற்றொரு பிஸ்டல் பத்து மீட்டரில் அதைவிட நன்றாகச் சுடலாம்.

சேகரிப்பவரும் சுடுபவரும் ஒரே சந்தையில் நிற்கிறார்கள், ஆனால் வெவ்வேறு பொருளைத் தேடுகிறார்கள். சேகரிப்பவருக்கு அசல் நீலப்பூச்சும் பெட்டியும் எண் பொருத்தமும் முக்கியம். சுடுபவருக்குப் பூச்சு மங்கியிருப்பது லாபம், விலை குறையும். நீங்கள் யார் என்று முதலில் தீர்மானித்துவிட்டால் பாதி ஏமாற்றம் தவிரும். ஆனால் மறுபூச்சுப் பூசிப் புதுசாக்கிய பிஸ்டலிடம் இருவருமே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். புதுப் பூச்சுக்கு அடியில் துருக்குழி மறைந்திருக்கலாம்.

பேணும் முறை

பழைய பிஸ்டலைக் கெடுப்பதில் புறக்கணிப்புக்கு அடுத்த இடம் அளவுக்கு மீறிய அக்கறைக்கு. குறிப்பாக எண்ணெய். ஸ்பிரிங் பிஸ்டலில் காற்று அழுந்தும் உருளைக்குள் சாதாரண மெஷின் எண்ணெய் போனால், அழுத்தத்தின் சூட்டில் அது பற்றிக்கொண்டு வெடிக்கும். புகையும் உரத்த சத்தமும் வரும், வேகம் தாறுமாறாகும், சீலும் ஸ்பிரிங்கும் அடிவாங்கும். உராயும் உலோகப் பரப்புகளுக்கு மாலிப்டினம் கலந்த கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். ரப்பர், பிளாஸ்டிக் சீல்களுக்கு அதற்கென்று உள்ள சிலிகான் எண்ணெய், அதுவும் எப்போதாவது ஒரு துளி. தோல் வாஷர் உள்ள மிகப் பழைய பிஸ்டல்களில் மட்டும் நிலைமை வேறு. தோல் காய்ந்தால் சுருங்கிக் காற்றை விட்டுவிடும், அதை ஈரப்பதமாக வைத்திருக்க வேண்டும்.

பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங் பிஸ்டலைச் சுடக் கூடாது. முன்னே தடுக்கும் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேரே போய் மோதும். இழுத்த நிலையில் வெகுநேரம் வைத்தால் ஸ்பிரிங் தளரும். பேரலைச் சுத்தம் செய்ய ஃபெல்ட் உருண்டைகள் போதும். பித்தளை பிரஷ் வேண்டாம். சில நூறு பெல்லட்டுக்கு ஒருமுறை, துல்லியம் குறைவதாகத் தெரிந்தால் செய்தால் போதும். பெல்லட்டும் தட்டைத் தலை கொண்ட போட்டி வகையாக இருக்கட்டும். 4.49, 4.50 என்று தலையளவு மாறும் வகைகளைச் சுட்டுப் பார்த்து, பேரலுக்கு ஒத்துப்போவதை வைத்துக்கொள்ளுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது. பயிற்சிக்கு வரும் சிறுவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

நம் கடற்கரை ஊர்களின் காற்று எஃகுக்கு எதிரி. உள்ளங்கை வியர்வை அதைவிடக் கொடியது. சுட்டு முடித்ததும் லேசாக எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்பரப்பைத் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஸ்பாஞ்சு வைத்த பெட்டிக்குள் மாதக்கணக்கில் பூட்டிவைத்தால் ஸ்பாஞ்சு ஈரத்தை உறிஞ்சிப் பிஸ்டல்மேல் ஏற்றும். பெட்டி பயணத்துக்கு மட்டும் இருக்கட்டும். வீட்டில் பூட்டிய அலமாரியில், பருத்தித் துணியில் சுற்றி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. பொட்டலத்தை அவ்வப்போது சூடேற்றி உலர்த்தினால்தான் பயன். மரப்பிடியைக் கழற்றி, உட்புறம் தொடும் உலோகத்தையும் பாருங்கள். வியர்வை இறங்கித் துரு பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

எதை நாமே செய்யலாம், எதைக் கைதேர்ந்தவரிடம் விட வேண்டும்? துடைப்பது, வெளி சீல் மாற்றுவது, திருகு இறுக்குவது நம் வேலை. ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு அதற்கான அழுத்துக் கருவி வேண்டும். அது இல்லாமல் முயன்றால் ஸ்பிரிங் பாய்ந்து ஆளைக் காயப்படுத்தும். கிஸ் முறைப் பிஸ்டலில் இரண்டு பிஸ்டன்களும் பல்சக்கரத்தின் குறிகளுக்கு ஒத்து அமர வேண்டும். ஒரு பல் தவறினாலும் இயக்கம் குலைந்துவிடும். ட்ரிக்கரின் கொக்கி முனைகளை வீட்டில் அராவவே கூடாது.

சட்டம்

இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்று ஆயுதத்துக்கு உரிமம் தேவையில்லை. இங்கே பேசிய ஏர் பிஸ்டல்கள் 4 முதல் 6 ஜூல் அளவிலேயே நிற்பவை. வெளிநாட்டிலிருந்து தருவிப்பது வேறு விஷயம், அதற்கு இறக்குமதி அனுமதி வேண்டும். எனவே உள்நாட்டில் சட்டப்படி வந்து சேர்ந்ததற்கு ஆவணம் உள்ள பிஸ்டலையே வாங்க வேண்டும். .22 தோட்டாப் பிஸ்டல் முழுக்க 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வருவது. உரிமம் கையில் இல்லாமல் அதற்கு முன்பணம்கூடக் கொடுக்கக் கூடாது.

யாருக்கு இது பொருந்தும்

மாநிலத் தேர்வுக்கும் தேசியப் போட்டிக்கும் நிற்கிற இளைஞருக்குப் பழைய ஸ்பிரிங் பிஸ்டல் முதல் கருவியாக இருக்க முடியாது. பேரலின் துல்லியத்தில் அது இன்றையதற்குப் பெரிதும் பின்தங்கவில்லை. ஆனால் ட்ரிக்கர் விழுந்ததிலிருந்து பெல்லட் வெளியேறும் வரையான நேரம் இன்றைய பிஸ்டலில் மிகக் குறைவு. எடைச் சமநிலையும் பிடியின் வசதிகளும் கூடியிருக்கின்றன. உச்சப் போட்டியில் அந்த வேறுபாடு புள்ளியாக மாறும். புதியதும் பழுதுக்கு விலக்கல்ல என்பதும் உண்மை. டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் நடுவில் பழுதாகி நேரம் போனது. 575 புள்ளியோடு அவர் 12ஆம் இடத்தில் நின்றார். எந்தத் தலைமுறைப் பிஸ்டலானாலும் அடுத்த உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாகக் கற்பவருக்கும், கழகத்தில் வாரம் ஒருநாள் சுடுபவருக்கும், இந்தக் கலையை வாழ்நாள் பழக்கமாகக் கொண்டவருக்கும் சர்வீஸ் ஆன ஒரு 65 அல்லது எல்பி3 தயங்காமல் வாங்கத்தக்கது. பெல்லட் பேரலில் ஓடும் நேரம் சற்றுக் கூடுதலாக இருப்பதால், சுட்ட பின்னும் குறியை விடாமல் கையை நிறுத்தும் பழக்கத்தை அது வளர்க்கும். சிலிண்டரும் நிரப்பும் பம்பும் தேடி அலைய வேண்டாம். அவசரப்பட்டுச் சுட்டுத் தள்ளவும் அது விடாது. ஒவ்வொரு முறையும் லீவரை இழுத்து, மூச்சைச் சீராக்கி, நிதானமாக நிற்க வைக்கும்.

வாங்கிய பிறகு அதைச் சுடுங்கள். சறுக்குத் தடமும் ட்ரிக்கரும் ஓடிக்கொண்டிருந்தால்தான் கிரீஸ் காயாது, கோளாறும் தொடக்கத்திலேயே தெரியும். சீல் மாற்றிய தேதி, வாங்கிய உதிரிபாகம், ஒத்துப்போகும் பெல்லட் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துப் பிஸ்டலோடு வையுங்கள். நமக்குப் பின் அதை வாங்குகிறவருக்கு, இக்கட்டுரை எழுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நோட்டே பதில் சொல்லிவிடும்.